தேனீ தொடாத ஆர்க்கிட்

சென்னை கதீட்ரல் சாலையில் போகிறவர்கள் இரண்டு பெரிய பூங்காக்களைக் கடக்கிறார்கள். இரண்டின் வரலாறும் 1835இல் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் முயற்சியால் உருவான தோட்டக்கலைச் சங்கத்தில் போய் முடியும். சங்கத்திடம் இருந்த நிலத்தின் ஒரு பகுதியில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் நடந்தது. மரநிழலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து தோசையும் காபியும் சாப்பிட்டவர்கள் மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 2010இல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆயிற்று. 2024 அக்டோபரில் அருகிலேயே கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. அதற்குள் ஆர்க்கிட் செடிகளுக்கென்றே ஒரு குடில் அமைத்திருக்கிறார்கள்.

வைட்டின் காலத்திலும் ஆர்க்கிட் மீது இந்த ஊருக்குப் பெரிய ஆர்வம் இருந்தது. அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத் தொகுதிகள் 1838 முதல் 1853 வரை சென்னையில் கல்லச்சில் அச்சாகின; மொத்தம் 2,101 படங்கள். அவற்றை வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கய்யா, கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்கள். கோவிந்துவின் திறமையை மதித்து ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று வைட் பெயர் வைத்தார். பிற்கால வகைப்பாட்டில் அந்தப் பெயர் புழக்கத்திலிருந்து போய்விட்டது. ஆனாலும் கும்பினி அரசின் சம்பளப் பட்டியலில் கீழ்வரிசையில் இருந்த ஓர் ஓவியரின் பெயரை ஒரு பூ கொஞ்ச காலம் தாங்கி நின்றது என்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

அதற்கும் முன்னால், 1795இல், வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தன் பெரிய நூலில் ஓர் ஆர்க்கிட்டைப் படத்தோடு பதிவு செய்தார். இன்று அதன் பெயர் வாண்டா டெசலேட்டா. தமிழ்வழியில் பிளஸ் ஒன் தாவரவியல் படித்தவர்கள் ‘வாண்டா’ என்றதும் ‘வெலாமன் திசு’ என்பார்கள். காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் அந்த வெள்ளை வேர்த்தோலுக்கு எடுத்துக்காட்டாக நம் பாடநூல் காட்டுவது வாண்டாவைத்தான். மதிப்பெண்ணுக்காக அந்தப் பெயரை எழுதியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். செடியை மரத்தில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அது ஏதோ மலைக்காட்டுச் செடி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நம் சமவெளிச் செடி. மாமரமும் இலுப்பையும் இருக்கும் ஊர்களில், சுடுவெயிலில், கிளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாழ்வது.

இந்தப் பூவை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழ்களில் பழுப்பு நிறக் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடும். நடுவில் ஒரே ஓர் இதழ் மட்டும் நீலமும் ஊதாவுமாகத் தடித்து முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். தாவரவியலில் அதற்கு உதடு என்று பெயர். அதன் வேலை வண்டு வந்து உட்காரும் திண்ணையாக இருப்பது. அதற்கு நேர்மேலே பூவின் மையத்தில் குட்டையாக ஒரு தூண். மற்றப் பூக்களில் பெரும்பாலானவற்றில் மகரந்தம் பொடியாக உதிரும். ஆர்க்கிட்டில் அது மெழுகு உருண்டைகளாகத் திரண்டு, அடியில் ஒட்டும் பசையோடு, அந்தத் தூணின் நுனியில் ஒரு சின்ன மூடிக்குள் இருக்கிறது. திண்ணையில் இறங்கி உள்ளே தலையை நீட்டும் தேனீ பின்வாங்கும்போது மூடி கழன்று, உருண்டை அதன் முதுகிலோ நெற்றியிலோ ஒட்டிக்கொள்ளும். தேனீ கால்களால் தேய்த்தாலும் எளிதில் போகாது. அடுத்த பூவுக்குள் நுழையும்போது அந்தத் தூணின் அடியில் இருக்கும் பசைக்குழியில் போய்ப் பதியும். ஒரே பூவில் ஒரே முறைதான் இந்தச் சரக்கு இருக்கிறது. வந்த தேனீ எடுத்துப் போனது சரியான பூவில் சேர்ந்தால் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் லட்சக்கணக்கில், தூசு போன்ற விதைகள். சேராவிட்டால் ஒன்றுமில்லை.

ராக்ஸ்பர்க்கின் படத்திலும் வைட்டின் படங்களிலும் செடியின் வேர், இலை, பூ, பூவின் உள்ளுறுப்புகள் எல்லாம் அழகாக இருக்கும். வந்து போகும் பூச்சிக்கு இடமிருக்காது. செடியை உலர்த்தி, வரைந்து, பெயர் சூட்டுவதோடு அந்தக் காலத்து அறிவியல் பெரும்பாலும் நின்றது. அது யாருக்காகப் பூக்கிறது என்ற கேள்விக்கு 1862இல் சார்லஸ் டார்வின் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். பென்சிலின் கூர்நுனியை ஓர் ஆர்க்கிட் பூவுக்குள் விட்டு எடுத்தார். மகரந்த உருண்டைகள் பென்சிலில் நிமிர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தன. ஏறக்குறைய அரை நிமிடத்தில் அவை தாமாகவே முன்பக்கம் சாய்ந்தன. அந்தச் சாய்வில்தான் அடுத்த பூவின் சரியான இடத்தில் முட்ட முடியும். தேனீ ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குப் பறக்கும் நேரத்தைக் கணக்கில் வைத்துப் பூ தன் உறுப்பை அமைத்திருக்கிறது என்று அவர் காட்டினார்.

பழைய சென்னையில் அந்தத் தேனீ எங்கே குடியிருந்தது? மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றியும் லஸ் பக்கமும் இருந்த ஓட்டு வீடுகளின் உத்தரங்களில் பளபளப்பான கருவண்டு ஒன்று வட்டமாகத் துளை போடும். காலடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கும். வீட்டுப் பெரியவர்கள் அந்தத் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றியதும் உண்டு. நாம் வண்டு என்று சொன்ன அது வண்டு இனமே அல்ல. அதுவும் ஒரு தேனீதான். கூட்டமாக வாழாது, தேன் சேர்த்து நமக்குத் தராது. காய்ந்த மரம், மூங்கில், பந்தல் கழி இவற்றைக் குடைந்து தன் குஞ்சுகளுக்கு அறை கட்டும். கொல்லையில் முருங்கை காய்க்க இந்தக் கருவண்டு பெரிய காரணம். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை பூக்கும்போது பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைத்து அது மகரந்தத்தை உதிர்க்கும் ரீங்காரம் தெருவில் நடந்து போகிறவருக்கே கேட்கும்.

ஆர்க்கிட் உலகிலும் கருவண்டுக்குப் பெரிய இடம் உண்டு. சிங்கப்பூரின் தேசிய மலர் ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்ற கலப்பின ஆர்க்கிட். 1893இல் உலகுக்கு அறிமுகமாகி, 1981இல் தேசிய மலராகத் தேர்வான பூ அது. அங்கே வீட்டு வேலியோரம் வெயிலில் வளரும் அந்தச் செடிக்கு வந்து போவது கருவண்டுதான். அந்த எடையைத் தாங்கும் அகலமான உதடும், அந்த உடம்பு நுழையும் அளவில் வாயும் அதற்கு உண்டு. ஆப்பிரிக்காவில் தரையில் வளரும் யூலோபியா ஆர்க்கிட்டுகள் பலவற்றுக்கும் கருவண்டே துணை. நம் நன்மங்கலம் காப்புக்காட்டின் புதர்க்காட்டிலும் தரை ஆர்க்கிட்டுகள் உண்டு. வேளச்சேரியிலிருந்து சற்றுத் தூரத்தில், அடுக்குமாடிகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் அந்தக் காட்டில் மழைக்குப் பின் நடந்தால் சென்னை மண்ணின் பழைய முகம் கொஞ்சம் தெரியும்.

ஆர்க்கிட் பற்றி ஒரு சங்கடமான உண்மையையும் சொல்ல வேண்டும். உலகில் உள்ள ஏறக்குறைய 28,000 ஆர்க்கிட் இனங்களில் மூன்றில் ஒரு பங்கு வந்த விருந்தாளிக்கு ஒரு சொட்டுத் தேன்கூடத் தருவதில்லை. தேன் இருப்பதுபோல் நிறமும் மணமும் காட்டி வரவழைத்து, உருண்டையை முதுகில் ஒட்டி அனுப்பிவிடுகின்றன. மத்தியதரைக் கடல் பக்கத்து ஆஃப்ரிஸ் ஆர்க்கிட் பெண் பூச்சியைப் போலவே உருவமும் வாசனையும் காட்டி ஆண் பூச்சியை ஏமாற்றுகிறது. சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இது பாடம். அடையாறில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இதை விரிவாக எழுதுகிறது.

இந்த ஏமாற்று ஒரு நிபந்தனையோடுதான் நடக்கும். தேனீக்கு நல்ல நினைவாற்றல் உண்டு. இரண்டு மூன்று முறை ஏமாந்தால் அந்தப் பூவை ஒதுக்கிவிடும். எனவே தேன் தராத ஆர்க்கிட்டுக்கு அனுபவமில்லாத புதுத் தேனீக்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அவற்றை அந்தப் பக்கம் இழுத்து வர, உண்மையிலேயே தேன் தரும் வேறு பூக்கள் சுற்றிலும் நிறைய இருக்க வேண்டும். வேம்பு, புங்கம், புன்னை, நாவல் எல்லாம் பூத்துக் குலுங்கும் இடத்தில்தான் அதன் பிழைப்பு நடக்கும். அப்படியும் வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளில் நூறு பூவுக்குப் பத்துக் காய்கூடப் பிடிப்பதில்லை என்பதே பொது நிலை. ஆகவே ஓர் ஊரில் தேனீ குறைந்தால் முதலில் அடி வாங்குவது ஆர்க்கிட். கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. ஒரு காலத்தில் மயிலாப்பூர் வீடுகளில் கிணற்றடியும் தோட்டமும் மாவும் புன்னையும் இருந்தன என்பதற்கும், இந்தக் கரையோரச் சமவெளியில் வாண்டா தானாக வளர்ந்தது என்பதற்கும் உள்ள தொடர்பு இதுதான்.

இப்போது தி. நகரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்ப் பாருங்கள். மேடையின் பின்புறம் முழுக்க ஊதாவும் வெள்ளையுமாக ஆர்க்கிட். மணமக்கள் மாலையில் ஆர்க்கிட். நாற்காலி முதுகில் ஆர்க்கிட். வாசலில் பன்னீர் தெளிக்கும் மேசையில் ஒரு தட்டு நிறைய ஆர்க்கிட். நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே தெருக்களில் நடந்த கல்யாணத்தில் மல்லி, சம்பங்கி, சாமந்தி, மரிக்கொழுந்து, வாசலில் மாவிலையும் வாழையும்தான். மாலை கட்டுகிறவரின் ஈரச் சாக்கின் மேல் குவிந்திருக்கும் சம்பங்கியைச் சுற்றித் தேனீ பறக்கும். அவர் கையால் விலக்கிவிட்டுக் கட்டிக்கொண்டே இருப்பார். தெற்கு மாட வீதிப் பூக்கடைகளில் இன்றும் சாமந்திக் குவியல் மேல் தேனீயைப் பார்க்கலாம். பக்கத்திலேயே வைத்திருக்கும் ஆர்க்கிட் கட்டின் மேல் அது உட்காருவதை நான் பார்த்ததில்லை.

அந்த ஆர்க்கிட் பெரும்பாலும் தாய்லாந்துச் சரக்கு. டென்ட்ரோபியம் என்ற வகை. அதிலும் ‘சோனியா’ என்ற ரகம் எங்கும் பிரபலம். வெட்டுப் பூவாக வெப்பமண்டல ஆர்க்கிட்டை உலகுக்கு அனுப்புவதில் தாய்லாந்து முதலிடத்தில் இருக்கிறது. ஒரு கட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தண்டின் அடியிலும் சுண்டுவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர். விமானப் பயணத்திலும் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே வருகிறது பூ. ஒரு தண்டில் உள்ள பூக்களை எண்ணி, இதழின் அளவைப் பார்த்து, இன்னொரு தண்டோடு ஒப்பிட்டால் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும். காரணம் எல்லாமே ஒரே தாய்ச்செடியின் துண்டுகள். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் ஆர்க்கிட் விதையைச் சர்க்கரை கலந்த கூழில் முளைக்க வைத்தார். காட்டில் அந்த விதை முளைக்க ஒரு பூஞ்சையின் துணை வேண்டும். அந்தத் தேவை ஆய்வுக்கூடத்தில் இல்லாமல் போனது. 1960இல் பிரான்சின் ஜார்ஜ் மோரேல் குருத்துத் திசுவிலிருந்தே செடிகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார். அதோடு விதையும் வேண்டாம் என்றாயிற்று. விதை வேண்டாம் என்றால் தேனீயும் வேண்டாம்.

வேண்டாம் என்பது மட்டுமில்லை, தேனீ வந்தால் நஷ்டம். மேடை அலங்காரக்காரர் ஆர்க்கிட்டை விரும்புவதற்கு முதல் காரணம் அது வாடாது என்பது. மல்லிகை சாயங்காலத்துக்குள் பழுத்துப்போகும். ஆர்க்கிட் இரண்டு வாரம்கூட நிற்கும். ஏன் நிற்கிறது? ஆர்க்கிட் பூ திறந்ததிலிருந்து தன் தேனீக்காகக் காத்திருக்கிறது. எப்போதாவதுதான் விருந்தாளி வரும் என்பதால் நீண்ட நாள் காத்திருக்கும் வலிமை அதற்கு உண்டு. மகரந்தம் பதிந்த உடனே பூவுக்குள் எத்திலீன் என்ற வாயு சுரக்கத் தொடங்கும். நிறம் மாறும், இதழ்கள் சுருங்கும், சத்தெல்லாம் காயாகப் போகும் சூலுக்குத் திரும்பும். ஓரிரு நாளில் பூ முடிந்துவிடும். மகரந்த மூடியைத் தற்செயலாகத் தட்டிவிட்டாலே சில வகைகளில் இது நடக்கும். ஆகவே சில பூப்பண்ணைகளில் வலை கட்டித் தேனீயைத் தடுக்கிறார்கள். மேடையில் இரண்டு நாள் வெளிச்சத்திலும் ஏ.சி. காற்றிலும் வாடாமல் நிற்கும் அந்த ஊதாப் பூவின் புதுமை, அதை ஒரு தேனீயும் தொடவில்லை என்பதன் அடையாளம்.

இந்த மாற்றத்தை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. திசு வளர்ப்பு வந்ததால் காட்டிலிருந்து ஆர்க்கிட் பிடுங்குவது குறைந்தது. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. நர்சரியில் ஆய்வுக்கூடச் செடியை வாங்கி அடையாறில் ஒரு பால்கனியில் வளர்க்கிறவரும், அந்த அளவுக்கு, காட்டுக்கு நன்மை செய்கிறார். பூங்காவின் ஆர்க்கிட் குடிலுக்கு வரும் பிள்ளைகள் வாய்பிளந்து நிற்கிறார்கள் என்றால் அதுவும் நல்லதே. என் வருத்தம் வேறு. ஆர்க்கிட் என்றால் கண்ணாடிக்குள் வைக்கும் வெளியூர்ப் பொருள் என்று ஒரு தலைமுறை நினைக்கத் தொடங்கிவிட்டது. பூவை இத்தனை அருகில் கொண்டுவந்த நாம், அந்தப் பூ எதற்காக அந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த உயிரை வீட்டைவிட்டு விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

தேனீக்கள் சென்னையைவிட்டு முழுக்கப் போய்விடவில்லை. பழைய செங்கல் சுவரின் விரிசலிலும் மின்மீட்டர் பெட்டியிலும் கொசுத்தேனீ மெழுகில் வாசல் கட்டி வாழ்கிறது. கொட்டத் தெரியாத சின்ன உயிர். செடியின் கிளையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொம்புத்தேனீ கூடு கட்டுகிறது. பெரிய மலைத்தேனீ காட்டில் உயரமான மரத்திலும் பாறையிலும் கட்டும் ஒற்றை அடையை இப்போது தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் பத்தாவது மாடிச் சன்ஷேடிலும் கட்டுகிறது. உத்தரங்கள் கான்கிரீட் ஆகிவிட்டதால் இடம் இழந்தது கருவண்டுதான். மரங்களும் போயின. 2016 டிசம்பர் 12 அன்று வார்தா புயல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. கிளையில் ஒட்டி வாழும் செடிக்கு மரம் விழுந்தால் வீடு விழுந்ததுபோல.

புயலைத் தடுக்க முடியாது. ஆனால் அடுக்குமாடியில் தேன்கூடு தெரிந்ததும் மருந்தடிக்கும் ஆளைக் கூப்பிடுவது நம் கையில் இருக்கிறது. குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் இடத்தில் பயம் நியாயமானது. மலைத்தேனீ கூட்டமாகக் கொட்டினால் ஆபத்துதான். ஆனால் அது நிரந்தரமாகத் தங்குவதில்லை. பூக்காலம் முடிந்ததும் சில மாதங்களில் அடையை விட்டுவிட்டுக் கூட்டமாக வேறு ஊருக்குப் போய்விடும். விஷம் அடித்துக் கொன்றால் செத்து விழுவது ஒரு கூடு மட்டுமில்லை. அந்த வட்டாரத்து வேம்புக்கும் புங்கத்துக்கும் நாவலுக்கும் காய் பிடிக்க வைத்த பல்லாயிரம் தேனீக்கள்.

சிங்கப்பூர் 1990களிலிருந்து தன் மண்ணின் ஆர்க்கிட்டுகளை ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து வளர்த்து, ஆர்ச்சர்ட் ரோடு போன்ற நெரிசலான சாலைகளின் மரங்களிலேயே கட்டி வளர்த்துவருகிறது. நமக்கும் அறிவும் இடமும் இருக்கின்றன. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. சென்னையில் பழைய மரங்கள் இன்னும் நிற்கும் வளாகங்கள் பல. வாண்டா டெசலேட்டாவுக்குக் கண்ணாடிக் குடிலும் வேண்டாம், குளிர்ச்சியும் வேண்டாம். இந்த வெயிலுக்கே பிறந்த செடி அது. தோட்டக்கலைத் துறையும் மாநகராட்சியும் விதையிலிருந்து வளர்த்த வாண்டாவைக் கதீட்ரல் சாலைப் பூங்காக்களின் திறந்தவெளி மரங்களில் ஏற்றி வைக்க வேண்டும். பக்கத்தில் கருவண்டு குடைய ஒரு காய்ந்த மரக்கட்டையை வெட்டாமல் விட வேண்டும். பூங்காவில் பட்டமரத்தை அப்படியே விடுவது அசிங்கம் என்ற எண்ணத்தையும் விட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது இன்னும் எளிது. மாமரக் கிளையில் தடித்த வெள்ளை வேர்களோடு ஒரு செடி ஒட்டியிருந்தால் புல்லுருவி என்று நினைத்துப் பிடுங்கிப் போடாதீர்கள். வாண்டா மரத்தின் சாற்றைக் குடிப்பதில்லை, கிளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். மாடியில் மலைத்தேனீ அடை கட்டியிருந்தால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வையுங்கள், கல்லெறிய விடாதீர்கள், இரவில் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிடுங்கள். மலைத்தேனீ வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள் வருவது இரவில்தான். விளக்கை அணைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.